ஏழெழுத்துக் கொப்பி

கொடிகாமத்தில் ஏ9 வீதியோரம் இருக்கும் பரமலிங்கத்தின் இரும்புக்கடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு லாச்சிகள் உண்டு. நிலத்திலிருந்து முகடு வரை சுவரோடு அடுக்கிய சின்னச் சின்ன மர இழுப்பறைகள். எதற்குள் என்ன கிடக்கிறது என்பது முதலாளிக்கே முழுதாகத் தெரியாது. கமலாவதிக்குத் தெரியும். பதினாறு வருடமாக அந்தக் கடையில் நிற்பவள் அவள்தான். தேய்ந்த போல்ட் ஒன்றை யாராவது கொண்டுவந்து மேசையில் வைத்தால், அதை ஒருதரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பாள். பிறகு ஏணியில் ஏறுவாள். இறங்கும்போது அதே அளவில் புதியது ஒன்று கையில் இருக்கும்.

ஆங்கிலம் அவளுக்கு வராது. அதை அவள் மறைத்ததும் இல்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு சாதாரணதரப் பரீட்சையில் மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, ஆங்கிலம் மட்டும் இல்லை. அடுத்த வருடமும் எடுத்துப் பார்த்தாள், அப்போதும் கிடைக்கவில்லை. அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியர் வந்துசேர்ந்ததே பரீட்சைக்கு நாலு மாதம் முந்தித்தான். பிறகு கலியாணம், மகள், கடை என்று காலம் போனது. பெட்டிகளின்மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அதற்குமேல் ஆங்கிலம் அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனி மாதத்தில் ஒருநாள், கொடிகாமத்துக்குப் பெற்றோல் ஏற்றிய பவுசர் வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டு, கமலாவதி வரணியிலிருந்து தன் ஸ்கூட்டியைப் பாதி ஓட்டி, பாதி உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் விட்டாள். அவளுக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். பெயர் கொலின்ஸ். குருநகர்க்காரர், காப்புறுதிக் கம்பனியில் மதிப்பீட்டாளர் வேலை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல் இவ்வளவு தூரம் வந்திருந்தார். பவுசர் அன்று வரவில்லை. நாளைக்கு வரும் என்றார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போனால் இடம் போய்விடும்.

மத்தியானம் திரும்பிய நேரம் கொலின்ஸ் தன் பையிலிருந்து புத்தகம்போல மடித்த பலகை ஒன்றை எடுத்து விரித்தார். சின்னச் சின்னக் காந்தக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. ஸ்கிரபிள். தனக்கு எதிராகத் தானே ஆடி அலுத்துப்போயிருந்த மனுசன் முன்னால் நின்றவளைப் பார்த்தார்.

"தங்கச்சி, இங்கிலிஷ் எழுத்து இருபத்தாறும் தெரியுமோ?"

"எழுத்துத் தெரியும் அண்ணை. பாசைதான் தெரியாது."

"எழுத்துக் காணும். வாங்கோ."

ஸ்கூட்டியின் இருக்கைமேல் பலகையை வைத்து விளையாடினார்கள். ஆளுக்கு ஏழு கட்டை. சொல் ஒன்று வைக்கவேண்டும், அது பலகையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு ஒட்டவேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி உண்டு, அருமையாக வரும் எழுத்துக்குக் கூடப் புள்ளி. கையிலிருக்கும் ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் ஐம்பது புள்ளி மேலதிகம். விதிகளை அவள் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். ஆனால் வைப்பதற்குச் சொல் வேண்டுமே. ரீ, கப், பாத் என்று வீட்டுச் சொற்களையே வைத்தாள். கொலின்ஸ் நானூறைத் தாண்டியபோது அவள் தொண்ணூறில் நின்றாள்.

அந்த ஆட்டத்தில் இரண்டு விசயம் நடந்தது. முதலாவது, அவளுடைய கையில் ஏ, டி, இசட், ஈ நாலும் வந்தன. கடையில் வாய்ச்சிகள் வந்த பெட்டியின்மேல் அந்த நாலு எழுத்தும் அதே ஒழுங்கில் இருந்ததைக் கண்டிருக்கிறாள். ஆட்ஸ். தச்சன் மரம் செதுக்கும் வாய்ச்சிக்கு ஆங்கிலப் பெயர். வைத்தாள். கொலின்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இரண்டாவதுதான் பெரிய விசயம். அவர் கியூ, ஐ என்ற இரண்டு எழுத்தை மட்டும் ஒரு மூலையில் வைத்து அறுபதுக்கும் மேல் எடுத்தார். பிறகு இசட், ஓ. பிறகு எக்ஸ், யூ. உந்தச் சொல்லுகளுக்கு என்ன கருத்து என்று அவள் கேட்டாள்.

"ஒண்டு சீனாக்காரன்ரை ஏதோ மூச்சுச் சம்பந்தப்பட்டது. மற்றது மாட்டுச் சாதி எண்டு நினைக்கிறன். எக்ஸ்-யூ என்னெண்டு எனக்குத் தெரியாது. இந்த விளையாட்டுக்கெண்டு ஒரு சொல் லிஸ்ட் இருக்கு, அதிலை கிடக்கு, வைக்கிறன்."

கமலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே அறிக்கை எழுதும் மனுசனுக்கும் கருத்துத் தெரியாது. அப்படியானால் இந்த விளையாட்டுக்கு வேண்டியது ஆங்கிலம் இல்லை. எது எந்த இடத்தில் கிடக்கிறது என்ற ஞாபகம். அது தன்னிடம் உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"அந்த லிஸ்ட் எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

மறுநாள் பின்னேரம் பவுசர் வந்து, ஆளுக்கு ஐந்து லீற்றர் கிடைத்து, வண்டிகள் நகரத் தொடங்குவதற்கிடையில் கொலின்ஸ் அவளுடைய போனுக்குப் பட்டியலை அனுப்பியிருந்தார். இரண்டு எழுத்தில் தொடங்கிப் பதினைந்து எழுத்து வரை, ஒவ்வொரு நீளமும் தனித்தனி அடுக்கு. இரண்டெழுத்துச் சொற்கள் நூற்றிருபதுக்குச் சொச்சம். மூன்றெழுத்து ஆயிரத்தைத் தாண்டியது. ஏழெழுத்து முப்பதினாயிரத்துக்கும் மேல்.

அந்த மாதங்களில் கடையில் சாமான் இல்லை. கொழும்பிலிருந்து லொறி வராது, வந்தாலும் பாதிதான் வரும். சீமெந்து கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பரமலிங்கம் வாசலில் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசித்தார். கமலாவதி மேசைக்குப் பின்னால் இருந்து கொப்பியில் எழுதினாள். முதல் இரண்டெழுத்து. அது பத்து நாளில் மனதில் ஏறிவிட்டது. பிறகு மூன்றெழுத்து.

ஏழெழுத்துக்கு வந்தபோது, கொலின்ஸ் தந்த ஒழுங்கு தனக்கு உதவாது என்று கண்டுபிடித்தாள். அந்தப் பட்டியல் அகராதிபோல ஏயில் தொடங்கி இசட்டில் முடிந்தது. சொல்லைத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். கடைக்கு வருகிறவர்கள் சாமானின் பெயரைக் கொண்டு வருவதில்லை, பழுதான சாமானைத்தான் கையில் கொண்டு வருகிறார்கள். விளையாட்டிலும் கைக்கு வருவது சொல் இல்லை, கலைந்த ஏழு எழுத்து. அதனால் அவள் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முதலில் அகரவரிசையில் அடுக்கி இடப்பக்கம் எழுதினாள். அவற்றால் ஆகும் சொல்லை வலப்பக்கம் எழுதினாள். கட்டைகள் எப்படிக் கலைந்து வந்தாலும், அவற்றை ஏ, பி, சி என்று ஒழுங்காக்கினால் இடப்பக்கம் தெரியும். இடப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கம் தானாக வரும்.

உலகத்தில் இதை ஆடுகிற பெரிய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள் என்று பிறகு கொலின்ஸ் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. தான் மட்டும் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தாள்.

அவளுடைய கணவன் சிவகரன் வாழைத்தோட்டக்காரன். கதலிக் குலைகளை லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுவருபவன். அவனுக்கு இது முதலில் பகிடியாக இருந்தது. கருத்துத் தெரியாமல் சொல்லைப் பாடமாக்குவது, ஆட்களைத் தெரியாமல் வீட்டு நம்பரை மட்டும் பாடமாக்குவதுபோல என்றான். தபால்காரன் அதைத்தானே செய்கிறான், அவனுக்குச் சம்பளமும் குடுக்கினம் என்றாள் இவள். மகள் வவுனியாவில் கம்பஸில் படிக்கப் போனபிறகு வீட்டில் இரண்டு பேர்தான். வாழைக்குத் தண்ணீர் மாறும்போது அவள் வரம்பில் நின்று இடப்பக்கத்தைச் சொல்லி வலப்பக்கத்தை நினைவெடுப்பாள். அவன் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டு கேட்டிருப்பான்.

யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ரியூசன் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி விளையாடினார்கள். கொலின்ஸ் அவளை அங்கே கூட்டிப்போனார். பெரும்பாலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். முதல் மூன்று மாதம் எல்லோரிடமும் தோற்றாள். தோல்வியில் அவளுக்கு வெட்கம் வரவில்லை. ஒவ்வொரு தோல்வியிலும் தன்னிடம் இல்லாத நாலைந்து சொல் அகப்படும், வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வாள். சிவதர்ஷன் என்ற பொறியியல் மாணவன்தான் அங்கே கெட்டிக்காரன். எட்டாவது மாதம் அவனை வென்றாள். அவன், அக்கா உங்கடை கொப்பியைப் படம் எடுக்கலாமோ என்று கேட்டான். எடுக்கவிட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஆவணியில் கொழும்பில் ஒரு போட்டி. இரண்டு நாள், பதினாலு ஆட்டம். கொலின்ஸுக்கு இடுப்பு வலி, வரமுடியாது என்றுவிட்டார். சிவகரன் தான் வருவதாகச் சொன்னான். பரமலிங்கம் மூன்று நாள் லீவு கொடுத்தார். அதோடு நிற்காமல், கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், எங்கடை பிள்ளை கொழும்புக்கு இங்கிலிஷ் போட்டிக்குப் போகுது என்று சொல்லி முடித்திருந்தார். பேந்து தோத்துப் போய் வந்தால் என்ன செய்வியள் என்று கமலாவதி கேட்டாள். தோத்தாலும் போனது போனதுதானே என்றார்.

காலை பஸ்ஸில் ஏறிப் பின்னேரம் கொழும்பு சேர்ந்து, மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனார்கள். வாசல் மேசையில் இருந்த பெண் கமலாவதியின் பருத்திச் சேலையையும் கையிலிருந்த துணிப்பையையும் பார்த்துவிட்டு, பெற்றோர் இருக்கும் இடத்தைக் கையால் காட்டி, பிள்ளையின் பெயர் என்ன என்று தமிழில் கேட்டாள்.

"கமலாவதி சிவகரன்," என்றாள் இவள்.

அந்தப் பெண் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்து, அடையாள அட்டையை நீட்டி, பிள்ளை எங்கே என்று கேட்டாள். கமலாவதி அட்டையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பெற்றோர் இடத்தில் சிவகரன் போய் உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் மணிக்கூட்டால் போயிற்று. ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து நிமிடம், மேலே போனால் நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி வெட்டு. ரியூசன் கொட்டிலில் மணிக்கூடு வைத்து ஆடிப் பழக்கம் இல்லை. முப்பது புள்ளி வெட்டுப்பட்டுத் தோற்றாள். அது பரவாயில்லை, வேகமாக வைக்கவேண்டும் என்று விளங்கிக்கொண்டாள். இரண்டாவதை வென்றாள்.

மூன்றாவதில்தான் அடி விழுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பத்துப் பன்னிரண்டு புள்ளி முன்னால் நின்றாள். கையில் இசட், ஓ, எக்ஸ் மூன்றும் இருந்தன. மூன்றெழுத்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மேலிருந்து நாலாவது வரி. கண்ணுக்குள் தெரிந்தது. வைத்தாள். எதிரே இருந்தவர் சலேஞ்ச் என்றார். இரண்டு பேரும் எழுந்து மூலையில் இருந்த கணினிக்குப் போய் எழுத்துகளைத் தட்டினார்கள். திரை சிவப்பானது. அப்படி ஒரு சொல் இல்லை.

கட்டைகளைத் திருப்பி எடுத்து, முறையை இழந்து, ஆட்டத்தையும் இழந்தாள். நாலாவதில் கை ஓடவில்லை. சொல் தெரியும், வைக்கப் பயம். ஐம்பது புள்ளி தரும் ஏழெழுத்துகள் இரண்டு தரம் கைக்கு வந்தன. இரண்டு தரமும் பொத்திக்கொண்டு சின்னச் சொல்லாக வைத்தாள். அதிலும் தோற்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். மண்டபத்துக்கு வெளியே ஒரு வாகை மரத்தின்கீழ் வாங்கில் சிவகரன் சோற்றுப் பார்சல் இரண்டோடு காத்திருந்தான். அவள் பார்சலைத் தொடாமல் துணிப்பையிலிருந்து மூன்றெழுத்துக் கொப்பியை எடுத்தாள். கடைசிப் பக்கம், நாலாவது வரி. இசட், ஓ, எக்ஸ் என்று தன் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. போனில் உண்மையான பட்டியலைத் திறந்தாள். அங்கே இசட், ஏ, எக்ஸ். எழுதும்போது ஏயை ஓவாகப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடமாக அந்தப் பிழையைச் சரி என்று பாடமாக்கியிருக்கிறாள்.

"ஒரு எழுத்துத்தானே," என்றான் சிவகரன். "கடையிலை ஒரு ஆணி மாறி வேறை லாச்சிக்கை கிடந்தா, அதுக்காக முழு லாச்சியையும் கொட்டுவியே?"

"கொட்டுவன்," என்றாள்.

அவனுக்கு அது தெரியாததல்ல. தன் பார்சலை மூடி வைத்துக் கையைத் துடைத்தான்.

"அப்ப கொட்டு. ஒரு மணித்தியாலம் கிடக்கு. போனை என்னட்டைத் தா."

அவள் கொப்பியை மடியில் வைத்து ஒவ்வொரு சொல்லாக எழுத்துச் சொன்னாள். அவன் போனில் உள்ள பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு, ஓம், ஓம் என்று கேட்டான். இருவருக்கும் அந்தச் சொற்களின் கருத்துத் தெரியாது. சிவகரனுக்குச் சில எழுத்தின் பெயரே தடுமாறும். டபிள்யூ வரும்போதெல்லாம் விரலால் காற்றில் கீறிக் காட்டினான். ஆனால் வாழைக்குலையில் சீப்பு எண்ணிப் பழகிய கண், ஒரு வரியையும் தவறவிடவில்லை. ஆயிரத்துச் சொச்சத்தில் இன்னும் இரண்டு பிழை அகப்பட்டது. ஒன்றில் ஒரு எழுத்து மாறியிருந்தது, மற்றதில் ஒரு வரி இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் சோற்றைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டாள்.

"ஏழெழுத்து?" என்று கேட்டான் அவன்.

"அது நான் ரண்டு தரம் எழுதினது. அது சரியாயிருக்கும்."

பின்னேரம் மூன்று ஆட்டத்தையும் வென்றாள். மூன்றாவதில், எதிரே இருந்த பெரியவர் இசட்டோடு ஏயை விட்டுவைத்த இடத்தில் எக்ஸைக் கொண்டுபோய்ச் சொருகியபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. அவருக்கு அதன் காரணம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாம் நாள் காலை இரண்டாவது ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவள் தக்சாயினி. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த இளம் சட்டத்தரணி, போன வருடம் இதே போட்டியில் மூன்றாவது இடம். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். கமலாவதி சிரித்துத் தலையாட்டியதும் தமிழுக்கு வந்து, யாழ்ப்பாணமா என்று விசாரித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் கட்டை எடுத்த பிறகு முகம் மாறிவிட்டது. வேகமாக வைத்தாள். பாதி ஆட்டத்தில் அறுபது புள்ளி முன்னால் நின்றாள்.

கமலாவதி தன் ஏழு கட்டையையும் ஒழுங்காக்கினாள். ஏ, சி, டி, ஈ, ஐ, எஸ், வி. இடப்பக்கம் தெரிந்தது. ஏழெழுத்துக் கொப்பி, முதல் கொப்பி, மூலை மடிந்த பக்கம். அட்வைசஸ். பலகையில் தண்ணீர்க் குழாய்க்குச் சொல்லும் மூன்றெழுத்து 'டாப்' நெடுக்காகக் கிடந்தது. அதன் கடைசியில் எஸ் சேர்த்தால் அதுவும் ஒரு சொல், இதுவும் ஒரு சொல். ஏழு கட்டையையும் இறக்கி, "எயிட்டி ரூ" என்று சொல்லி மணிக்கூட்டை அழுத்தினாள். எண் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் அவளுக்குக் கடையிலேயே வரும்.

தக்சாயினி கையை எடுத்து வாயில் வைத்தாள். பலகையைப் பார்த்தாள், கமலாவதியைப் பார்த்தாள்.

"அக்கா, அது இங்கிலிஷ்ல பிழை," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அட்வைஸ் என்ற சொல்லுக்குப் பன்மை இல்லை. எட்டாம் வகுப்பிலேயே சொல்லித் தருவாங்க."

"எனக்கும் சொல்லித் தந்தவை. எஸ் போட்டு எழுதினதுக்குச் சிவப்புப் பேனையாலை வெட்டியும் விட்டவை," என்றாள் கமலாவதி. "ஆனா லிஸ்டிலை இருக்கு. சலேஞ்ச் பண்ணிறதெண்டால் பண்ணுங்கோ."

தக்சாயினியைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒருபக்கம் இழுத்தது, இந்த அக்காவின் குரலில் இருந்த தெளிவு மறுபக்கம். இருபது வருடம் படித்ததைக் கைவிட யாருக்குத்தான் மனம் வரும்? சலேஞ்ச் என்றாள். இரண்டு பேரும் கணினிக்குப் போனார்கள். தக்சாயினியே எழுத்துகளைத் தட்டினாள்.

திரை பச்சையானது.

எண்பத்திரண்டு நின்றது, பிழையாக சலேஞ்ச் பண்ணியதற்கு மேலே ஐந்து. அதற்குப் பிறகு தக்சாயினி எதையும் சலேஞ்ச் பண்ணவில்லை. கமலாவதி இருபத்தாறு புள்ளியால் வென்றாள். கை கொடுக்கும்போது தக்சாயினி, இன்னும் இந்தமாதிரி எத்தனை சொல் வைத்திருக்கிறீங்க என்று கேட்டாள். ஏழெழுத்தில் மூவாயிரத்து நானூறு என்றாள் இவள். எண்ணித்தான் வைத்திருந்தாள்.

பதினாலு ஆட்டத்தில் ஒன்பது வெற்றி. நாற்பத்தாறு பேரில் பதினோராவது. முதன்முறை ஆடவந்தவர்களில் அவளுக்கு மேலே யாரும் இல்லை என்று ஒரு சின்னக் கிண்ணம் கொடுத்தார்கள். மேடையில் ஏறி வாங்கும்போது, நடத்துபவர் ஒலிவாங்கியை நீட்டி ஒரு வார்த்தை சொல்லும்படி ஆங்கிலத்தில் கேட்டார். கமலாவதி ஒலிவாங்கியை வாங்கி, தமிழில், எல்லாருக்கும் நன்றி, அடுத்தமுறை மணிக்கூட்டோடை பழகிக்கொண்டு வாறன் என்றாள். தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சிரித்தார்கள்.

கொடிகாமத்தில் பரமலிங்கம் கிண்ணத்தைக் கடையில் வைக்கக் கேட்டார். கமலாவதி சம்மதிக்கவில்லை. அது வீட்டில் சாமியறைக்குப் பக்கத்து அலுமாரியில் இருக்கிறது. கடையில் அவள் வைத்தது வேறொன்று. மேசை ஓரத்தில் ஒரு பலகை, ஒரு பை கட்டை, ஒரு மணிக்கூடு. பின்னேரங்களில் சந்தை ஓய்ந்த பிறகு இரண்டொரு பேர் வருவார்கள். மீன் ஏலம் கூறுகிற றொசாந்தி கிழமையில் மூன்று நாள் தவறாமல் வருவாள். அவளுடைய தலைக்குள் எண்கள் மின்னலாய் ஓடும், சொற்கள்தான் கொஞ்சம் மெதுவாக ஏறுகின்றன. கமலாவதி அவளுக்கு இரண்டெழுத்துக் கொப்பியைப் பிரதி எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் போனோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பாடமாக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். தன் கையெழுத்தையும் நம்பவேண்டாம் என்றாள்.

கருத்துகளையும் அவள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கிறாள். தேவைக்காக அல்ல, ஆசைக்கு. அந்த இசட்-ஏ-எக்ஸ், கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டுகிற ஒரு கோடரியாம். தெரிந்திருந்தால் பிழையாக எழுதியிருக்கமாட்டேன் என்று சிவகரனிடம் சொன்னாள். இட்லியும் தோசையும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்ட நாளில் வாய்விட்டுச் சிரித்தாள். பட்டியலை ஆக்கியவர்களுக்குக் கூச்சமே கிடையாது, எங்கே எது கண்டாலும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுடைய அபிப்பிராயம்.

இந்த வருடம் சென்னையில் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. தக்சாயினிதான் பெயரைக் கொடுத்திருந்தாள். கமலாவதியும் சிவகரனும் முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுத்தார்கள். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம், அங்கிருந்து ரயில். துறைமுகத்தில் குடியகல்வு மேசையில் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, என்ன விசயமாகப் போகிறீர்கள் என்று தமிழில் கேட்டார். இங்கிலிஷ் சொல்லுப் போட்டிக்கு என்றாள். அவருக்கு மகிழ்ச்சி. தானும் ஆர்வமுள்ளவர்போல, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டார்.

"எனக்கு இங்கிலிஷ் கதைக்கத் தெரியாது அண்ணை," என்றாள் கமலாவதி.

அதிகாரி கடவுச்சீட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சிவகரனைப் பார்த்தார்.

"ஓம், கதைக்கத் தெரியாது," என்றான் சிவகரன். "வெல்லத்தான் தெரியும்."

முத்திரை விழுந்தது. கடல் அன்று கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. சிவகரன் கண்ணை மூடிக்கொண்டு தேசிக்காயை முகர்ந்தபடி சாய்ந்துகிடந்தான். கமலாவதி காலால் துணிப்பையை அணைத்துக்கொண்டு எட்டெழுத்துக் கொப்பியைத் திறந்து, இடப்பக்கத்தைக் கையால் மூடாமல் வலப்பக்கத்தை மட்டும் மூடிக்கொண்டாள். நாகப்பட்டினத்து வெளிச்சவீடு தெரிகிறது என்று யாரோ சொன்னபோது நூற்றுப் பதினேழு சொல் முடிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் ஆறு இருந்தன. அவற்றையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.